தயவில் நிற்கும் கல்வி

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையில் கள்ளிக்குப்பத்தைக் கடந்து வடக்கே போகிறவர்களுக்குப் புழல் ஏரி அதிக தூரமில்லை. அந்த ஏரிக்கு மறுபுறத்தில், ஜி.என்.டி. சாலையை ஒட்டிய காவாங்கரையில், யுத்தத்துக்கு அஞ்சி இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வசிக்கும் முகாம் ஒன்று இருக்கிறது என்பதை, ஏரிக்கு இப்புறம் வாழும் எங்களில் பலர் அறியார். அறிந்தவர்களும், அங்கிருந்து தினந்தோறும் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகள், தாங்கள் பிறந்த தேசத்திலேயே அயல்தேசத்தவராக எழுதப்பட்டு, எத்தனை ஆண்டு படித்தாலும் நாளை எங்கே நிற்போம் என்று சொல்ல இயலாதவர்களாய்ப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்ப்பது அபூர்வம்.

எனக்கும் இந்த நினைவு நேராக வரவில்லை. அமெரிக்காவின் வழியாகத்தான் வந்தது. 2025ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அத்தேசத்தில் பயிலும் அயல்நாட்டு மாணவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள், முன்னறிவிப்பின்றியும் பல சந்தர்ப்பங்களில் காரணம் கூறப்படாமலும், அரசாங்கத்தின் கணினிப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. வாகனத்தை வேகமாக ஓட்டியதற்காக என்றோ கட்டிய அபராதம்கூடச் சிலருக்கு வினையாயிற்று. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபின், ஏப்ரல் 25ஆம் தேதி, பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக அரசாங்கத் தரப்பு ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ ஒரு மாதம் சென்றபின், புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவது நிறுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில் அது மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். மற்றெந்த நாட்டினரையும்விட அதிகம். ஆகவே இந்தச் சஞ்சலம் எங்கள் தெருவுக்கு வராமல் இருக்கவில்லை.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் அண்டை வீட்டுக்காரர், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து மகளை அங்கே முதுகலை படிக்க அனுப்பியவர், அந்த நாட்களில் இரவெல்லாம் விழித்திருந்தார். "தப்பு ஒண்ணும் பண்ணலைன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் சார், ஆனா நாளைக்குக் காலையில அங்க இருப்பாளான்னு கேட்டா என்னால சொல்ல முடியலையே" என்று அவர் சொன்னபோது, நான் ஆறுதலாகச் சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெண் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்த புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் அவற்றைக் கொடுக்க அவகாசம் இராது என்ற எண்ணத்தில்.

வறுமை கல்விக்கு இடையூறு என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வறுமையில் படித்தவர்கள், படிப்பின் முடிவில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நிச்சயத்தைப் பற்றிக்கொண்டல்லவா படித்தார்கள்? இன்று விளங்காத பாடத்தை நாளை விளங்கும் என்று பொறுத்துக்கொள்வதற்கும், இளமையின் இன்பங்களை நாலைந்து ஆண்டு ஒத்திவைப்பதற்கும், வருங்காலம் தனக்கும் உண்டு என்ற நம்பிக்கைதான் முதல். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு, உதவித்தொகையும் விடுதியும் புத்தகமும் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும், மாணவன் பாதி மனத்தோடுதான் படிப்பான். அண்டை வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. ஆயினும் அவளிடம் ஒரு கடவுச்சீட்டு இருந்தது. அனைத்தும் கெட்டுப்போனாலும் திரும்பிவர அம்பத்தூரில் ஒரு வீடு இருந்தது. புழல் ஏரியின் அக்கரையில் உள்ள பிள்ளைகளுக்கு இவ்விரண்டில் எது இருக்கிறது என்று ஒருநாள் எண்ணத் தொடங்கியவன், அதன்பின் அந்த எண்ணத்தை விட முடியாதவனானேன்.

இந்தப் பிள்ளைகளின் நிலைமையை விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1955ஆம் ஆண்டு ஜனவரியில், எங்கள் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம மாதிரியிலான சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், 1950 ஜனவரி 26 முதல் இந்திய மண்ணில் பிறந்த குழந்தைகளை, அயல்நாட்டுத் தூதர் முதலான சிலரின் பிள்ளைகள் நீங்கலாக, பெற்றோர் எத்தேசத்தவர் என்று வினவாமலே பிரஜைகளாக ஏற்றது. இளமையிலிருந்த குடியரசின் அந்த விசாலமான மனத்தை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. பின்னர், அசாமில் எழுந்த கிளர்ச்சியும், எல்லை தாண்டி வருவோரைப் பற்றிய கவலையும் சேர்ந்து அந்த வாசலைக் குறுக்கின. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்றாயிற்று. 2003இல் நிறைவேறி, 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மேலும் இறுக்கியது: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும், உரிய ஆவணமின்றி வந்தவர் எத்தனை ஆண்டு வசித்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டது. தோணியேறி ராமேசுவரக் கரையில் இறங்கியவர்களில் எத்தனை பேர் விசா வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்!

இதன் பலனாக, ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986இல் பிறந்த மூத்த பிள்ளை சட்டப்படி இந்தியப் பிரஜையாகவும், 1989இல் பிறந்த இளைய பிள்ளை அயல்தேசத்தவனாகவும் இருப்பது சாத்தியமாயிற்று. மூத்தவர்களுக்கும் அந்த உரிமை தானாகக் கைக்கு வந்துவிடவில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் நளினி கிருபாகரன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி 2022இல் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். 2024 ஏப்ரல் 19ஆம் தேதி அவர் வாக்களித்தபோது, முகாம்வாசி ஒருவர் வாக்களித்த செய்தியாகவே பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அவருக்குப் பின் பிறந்த தலைமுறையே இன்று கல்லூரிகளில் இருக்கிறது. அவர்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. 2019இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களில் ஆறு சமயத்தாருக்கு வாசலைத் திறந்தபோது, இலங்கையிலிருந்து வந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திட்டதில்லை. ஆகவே இவர்கள் இங்கே இருப்பது முழுவதும் சர்க்காரின் தயவினால். தயவு நெடுங்காலம் நீடித்திருக்கிறது என்பது உண்மையே, ஆனால் தயவாகவே நீடித்திருக்கிறது.

அந்தத் தயவு எவ்வளவு விரைவில் மாறக்கூடியது என்பதற்கு எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியே சாட்சி. 1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின் வந்தவர்களைத் தமிழகம் இரு கை நீட்டி வரவேற்றது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளியும் கல்லூரியும் திறந்தன. தொழிற்கல்லூரிகளில் இடங்கள்கூட ஒதுக்கப்பட்டன. 1991 மே 21ஆம் தேதி இரவு, பூந்தமல்லியைத் தாண்டி அதே பெருவழியில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தக் கொடுஞ்செயலை மன்னிக்க எவராலும் இயலாது. ஆனால் அதன்பின் நேர்ந்ததென்ன? பூந்தமல்லியில் தடா நீதிமன்றம் கூடியது. 1998 ஜனவரியில் இருபத்தாறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் பெரும்பாலோரை அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் அத்தண்டனையிலிருந்து விடுவித்தது. அகதிகளைக் காவலில் வைத்த பூந்தமல்லிச் சிறப்பு முகாம் என்ற பெயர் ஈழத்தவர் வீடுகளில் அச்சத்தோடு உச்சரிக்கப்படலாயிற்று. இவற்றோடு, குற்றத்துக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத மாணவர்களுக்கு, கொலை நடந்தபோது பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தவர்களுக்கு, உயர்கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. 1996இல் ஆட்சி மாறியபின் அவை மீண்டன. இடைப்பட்ட ஐந்தாண்டு என்பது ஒரு தேசத்துக்கு அற்பகாலம். பதினேழு வயதில் கல்லூரி வாசலில் நின்றவனுக்கு அது அவனுடைய கல்வி முழுவதும்.

இன்றைய நிலைமை அன்றையதைவிட எவ்வளவோ மேல் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் ரூ.317 கோடிக்கு மேற்பட்ட திட்டமொன்றை அறிவித்தார். முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு சுமார் 34,000 பேரும் வாழ்வதாக அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. கலை, அறிவியல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.3,000ஆக இருந்த உதவித்தொகை ரூ.12,000 ஆகவும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு ரூ.5,000 என்பது ரூ.20,000 ஆகவும் உயர்ந்தது. தகுதி வரிசையில் முதல் ஐம்பது பொறியியல் மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இவற்றுக்கு முன்பே, ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளுக்கு அகதிகளே ஆசிரியராவது என்னும் முறையில் முகாம்தோறும் மாலை வகுப்புகளை நடத்தி, கல்லூரிக்குப் போகிறவர்களுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து, குழந்தைகளின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யவும் உதவியிருக்கிறது. முகாம் பிள்ளைகள் கற்பதற்கு உதவ மனிதர்கள் இல்லாமலில்லை. தடை இருப்பது படிப்பின் மறுமுனையில்.

மாநில அரசு கல்வியைக் கொடுக்கலாம். குடியுரிமையைக் கொடுக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. ஆதலால் ஒரு பெண் பொறியியலில் பட்டம் பெறும் வரை ஒரு கை அவளைத் தாங்கிக்கொண்டு வருகிறது. பட்டம் பெற்ற மறுநாள் அந்தக் கை எட்டும் தூரம் முடிந்துவிடுகிறது. வளாகத் தேர்வில் தேறியவளிடம் நிறுவனம் கடவுச்சீட்டு கேட்கிறது. பூர்வோத்தரங்களைச் சோதிப்போர் நிரந்தர முகவரி கேட்கிறார்கள். முகாம் முகவரியைக் கண்டதும் பதில் தாமதமாகிறது, பிறகு வருவதேயில்லை. சட்டம் பயின்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சென்றால், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் முதலில் கேட்பது இந்தியக் குடியுரிமையை. முகாம் ஆண்களில் மிகப் பலர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் பட்டதாரிகளும் உண்டு. "படிச்சென்ன செய்யப் போறாய், கடைசியில பெயின்ட் வேலைதானே" என்று பதினோராம் வகுப்புப் பையனிடம் மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டால், அவர்கள் கல்வியை வெறுப்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாகப் படித்தவனுக்கே ஏமாற்றமும் அதிகம் என்பதைக் கண்டவர்கள், தம் பிள்ளையை அந்த ஏமாற்றத்திலிருந்து காக்கும் பொருட்டுச் சொல்லும் சொல் அது. முப்பதாண்டுக் காலமாக மாலை வகுப்பு நடத்துபவர்களின் உழைப்பை அந்த ஒரு வாக்கியம் ஒரே மாலையில் தோற்கடித்துவிட வல்லது.

மாணவனின் அன்றாடத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். முகாமில் குறிப்பிட்ட நாட்களில் வருவாய்த் துறையினர் வந்து தலைக்கணக்கு எடுப்பார்கள். முகாமில் அதைச் 'செக்கிங்' என்பார்கள். அன்று ஆஜராகாவிட்டால் அரசு தரும் மாதப் பணக்கொடையிலும் பதிவிலும் சிக்கல் நேரும் என்ற அச்சத்தில், வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பவன் பரீட்சை நெருங்கினாலும் பஸ் ஏறி வருகிறான். கல்லூரி விண்ணப்பத்தில் 'தேசியம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தியன் என்று எழுதினால் பொய்யாகும். இலங்கையர் என்று எழுதினால், கண்ணால் கண்டிராத அந்தத் தேசத்தின் கடவுச்சீட்டும் மாணவர் விசாவும் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தின் முன் பேனாவோடு தயங்கி நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் எதிரே அமர்ந்திருக்கும் எழுத்தர், அந்தக் கணத்தில் இந்தியக் குடியரசின் முழு அதிகாரத்தையும் தம்மிடம் வைத்திருப்பவராகிறார். முகாம் வட்டாட்சியரின் சான்றிதழை வாங்கிப் பார்த்து, "இது போதும்மா, கையெழுத்துப் போடு" என்று அவர் சொல்லிவிட்டால் ஒரு வாழ்வு நகர்கிறது. "இதெல்லாம் எனக்குத் தெரியாது, மேலே கேட்டு வா" என்று சொன்னால், அந்த மேலிடம் எது என்று அறியாமல் ஓராண்டு கழிந்துவிடுவதும் உண்டு.

உலகில் இது எங்கள் பக்கத்தில் மட்டும் உள்ள வேதனையன்று. பத்தாண்டுகளுக்கு முன், உலக அகதி இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவரே சர்வகலாசாலையை எட்டினர் என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் கூறியது. 2030க்குள் அதைப் பதினைந்தாக்குவது அதன் இலக்கு. 2021 ஆகஸ்ட் 15ஆம் தேதி காபூல் வீழ்ந்தபோது, இந்தியக் கல்லூரிகளில் இருந்த ஆப்கன் மாணவர்கள், விசாக் காலம் முடிந்தால் எங்கே திரும்புவது என்று தெரியாமல் திகைத்தார்கள். பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் எழுந்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். நெடுநாள் விசாவில் வந்தவர்கள் பதினான்கு நாளுக்குள் அயல்நாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதற்கென்று கல்லூரிகளில் தனி அலுவலர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது முதல் விசா நீட்டிப்பு வரை மாணவர் கூடவே நிற்பது அவர்கள் தொழில். காவாங்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணும் காகிதத்தின் கண்ணில் அயல்நாட்டு மாணவியே. அவளுடைய காகிதங்கள் இன்னும் சிக்கலானவை. அவளுக்காக அந்த அலுவலர்களின் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறதா என்று கல்லூரி நிர்வாகங்களை நான் கேட்க விரும்புகிறேன்.

2025 மே மாதத்தில் ஒரு வழக்கை விசாரித்த உச்சநீதிமன்றம், உலகெங்குமிருந்து வருவோரையெல்லாம் ஏற்க இந்தியா தருமசத்திரமன்று என்னும் பொருள்படக் கூறியது. வழக்காடியவர் தண்டனை பெற்றவர். அந்த வழக்கின் நியாயம் வேறு. ஆனால் சத்திரத்துக்கு வருகிற வழிப்போக்கனுக்குப் புறப்பட்ட ஊர் ஒன்று இருக்கும், போய்ச்சேரும் ஊரும் ஒன்று இருக்கும். இங்கேயே பிறந்து, புழல் பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி வளர்ந்த பிள்ளைக்கு அவ்விரண்டும் எவை? அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பழைய அயல்நாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமையால் விதிக்கத்தக்க தண்டனையிலிருந்து மத்திய உள்துறை விலக்களித்தது. இது குடியுரிமையன்று, ஆனாலும் தலைக்கு மேல் தொங்கிய குற்றவாளி என்ற பழியை விலக்க எடுத்த முதல் அடி என்றே அதை மதிக்கிறேன். குடியுரிமையைக் கேட்பதை நாம் நிறுத்தலாகாது. பாராளுமன்றத்தில் ஒரு திருத்தத்தால் முடியக்கூடிய அக்காரியத்துக்குத் தமிழகத்தின் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேச இயலும் என்றே நம்புகிறேன்.

அது வரும்வரை செய்யத்தக்கது ஒன்று எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளை மறிக்கும் தடைகளில் சட்டம் விதித்தவை எவை, வெறும் வழக்கத்தால் நேர்ந்தவை எவை என்று பிரித்தறிந்தவர் மிகச் சிலர். வழக்கறிஞராகப் பதிவு செய்யக் குடியுரிமை கேட்பது சட்டம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கடைசல் பட்டறையிலோ வார்ப்படச் சாலையிலோ கணக்குப் பிரிவிலோ உட்கார்ந்து வேலை செய்யப்போகும் ஒரு பட்டதாரியிடம் கடவுச்சீட்டு கேட்பது, பெரிய கம்பெனிகளின் விண்ணப்பப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த வழக்கம். அந்த வேலைக்காக அவள் ஒருநாளும் கடல் கடக்கப் போவதில்லை. முகாம் மக்களிடம் ஆதார் அட்டை இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, மாநில அரசே கொடுத்த அடையாள அட்டையும் இருக்கிறது. இந்தக் காகிதங்களோடு, செப்டம்பர் உத்தரவின் நகலையும் சேர்த்து, இவை போதுமா, போதாதென்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவினால் போதாது என்று ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் நிறுவனங்களுக்கு எழுத்து மூலம் கேட்டால், அவர்கள் எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்களில் பல சாதகமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். தொழிற்பேட்டையில் நாற்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்கள், முதலாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை படைத்தவர்கள், எங்கள் தெருக்களில் அநேகர். என் அண்டை வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த இருவரிடம் தாமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இறுதியாண்டு மாணவர்களுக்கான வளாகத் தேர்வுகள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கடிதங்கள் ஜூலைக்குள் போய்ச்சேர வேண்டும்.